கைக்கு அடங்கிய துப்பாக்கி

ஆப்பிரிக்க வேட்டைக்குப் புறப்பட எண்ணி, நல்லதோர் ஐரோப்பியத் துப்பாக்கியைத் தேடுவோர் பெரும்பாலும் அதனைக் கண்ணாலேயே தேர்ந்தெடுத்துவிடுகின்றனர். இதில் வியப்பில்லை. எண்ணெய் ஊட்டி ஊட்டிக் கையாலேயே தேய்த்து மெருகேற்றிய அக்ரூட்டு மரக்கட்டை. அதில் புகையும் தேனும் கலந்து ஓடினாற்போன்ற வரிகள். கருநீலம் பூத்த உருக்குக் குழல். சிற்றுளியால் செதுக்கிய இலைகளும் கொடிகளும்! இலண்டனிலும் ஆஸ்திரியாவின் பெர்லாக்கிலும் ஜெர்மனியின் சூலிலும் வாழையடி வாழையாக இத்தொழிலைச் செய்துவந்த கைவினைஞர்கள் ஒரு கொலைக் கருவிக்குள் இத்தனை அழகை எவ்வாறு பொதிந்து வைத்தனர் என்று எண்ணத் தோன்றும். வாங்க வந்தவன் அதனைத் தோளில் பொருத்திப் பார்க்கிறான். கடையின் கண்ணாடியில் தன் உருவத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறான். அந்தக் கண்ணாடிதான் பல தவறான தேர்வுகளுக்குக் காரணமாகின்றது.

அவன் கையிலிருப்பது தாழ்த்தண்டுத் துப்பாக்கி. கதவின் தாழ்ப்பாளை உயர்த்தி இழுப்பதுபோல் அதன் கைப்பிடியைத் தூக்கிப் பின்னே இழுத்தால், சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடு வெளியே தெறிக்கும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். கைப்பிடியைத் தாழ்த்தினால் பூட்டிக்கொள்ளும். இவ்வளவே அதன் தத்துவம். இரட்டைக்குழல் துப்பாக்கியைச் செய்விக்க ஒரு வீட்டின் விலையே தேவைப்பட்ட காலத்தில், செல்வர் அல்லாதாருக்கும் ஆப்பிரிக்கக் காட்டைத் திறந்துவிட்டது இந்தத் தாழ்தான். அதற்கு முழுமையான வடிவம் தந்தவர், நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டார்ப் என்னும் சிற்றூரில் 1838இல் பிறந்த பால் மவுசர். தம் ஆய்வின்போது நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தும் தொழிலை விடாதவர் அவர். அவர் அமைத்த 1898ஆம் ஆண்டு மாதிரி ஜெர்மானியப் படைக்காகச் செய்யப்பட்டது. டப்ளினில் 1775இல் தொடங்கிப் பின்னர் இலண்டனில் நிலைபெற்ற ரிக்பி நிறுவனம் அதே பொறியை வாங்கித் தன் குழலும் கட்டையும் பூட்டி வேட்டைக்காரர்களுக்கு விற்றது. இன்றும் சிறந்த ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கி என்று பேசப்படுவனவற்றுள் பெரும்பாலானவை அந்தப் பொறியின் வழித்தோன்றல்களே.

அப்பொறியில் கடைக்காரர் அதிகம் பேசாத உறுப்பு ஒன்று உண்டு. தாழ்த்தண்டின் பக்கத்தில் நீண்டு கிடக்கும் வில்லுருக்குப் பட்டை ஒன்று. அதன் நுனியில் ஒரு நகம். தோட்டா தன் பெட்டியிலிருந்து மேலெழும்போதே அந்நகம் அதன் அடிவிளிம்பைப் பற்றிக்கொள்கிறது. சுட்டபின் வெளியே தள்ளும்வரை விடுவதில்லை. இதனால் என்ன பயன்? நடுங்கும் கையொன்று தாழைப் பாதிவரை தள்ளிவிட்டு, பதற்றத்தில் மீண்டும் பின்னே இழுத்துவிடுகிறது என்று கொள்வோம். நகம் இவ்வாறு முன்பே பற்றாத பொறிகளில் முதல் தோட்டா குழலிலேயே கிடக்க, இரண்டாவது தோட்டா அதன் முதுகில் முட்டி நிற்கும். மவுசரின் நகமோ முதல் தோட்டாவைத் திரும்ப இழுத்து வெளியே எறிந்துவிடும். சேற்றில் புரண்டும் தலைகீழாகக் கிடந்தும் சுட வேண்டிய படைவீரனுக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. வேறு சொற்களில் கூறின், அச்சம் கொண்ட மனிதனை மனத்தில் வைத்து அமைத்த பொறி. முப்பது அடித் தொலைவில் காட்டெருமை ஒன்று திரும்பி நிற்கையில் எந்த வேட்டைக்காரனும் அச்சம் கொண்ட மனிதனே ஆவான். ஆகவே, கொடிச் சித்திரத்தை ஆராய்வதற்குமுன் இந்த நகத்தை ஆராய்தல் வேண்டும். வெற்றுத் தோட்டாக்களை வைத்து மெதுவாகவும் விரைவாகவும் நூறு முறையேனும் தாழை இழுத்துப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுப்பவனுக்கு இரங்கத்தான் வேண்டும்.

மவுசருக்கு எதிரே அழகியாக நிற்பது ஆஸ்திரியாவின் மான்லிக்கர்-ஷோனவர். 1903இல் வந்த அதன் தாழ் எண்ணெயில் மிதப்பதுபோல் ஓடும். கட்டை குழலின் வாய்வரை நீண்டு அதனைத் தழுவி நிற்கும். தோட்டாக்கள் ஒரு சுழல் உருளையில் வரிசையாகப் படுத்திருக்கும். அவ்வுருளை குறிப்பிட்ட ஒரு தோட்டாவின் அளவுக்கே கடையப்பட்டது என்பதால் வேறொன்றை ஏற்காது. மலையாடும் மானும் தேடுவோர்க்கு அது நல்ல துணை. எருமைக்கு அன்று. ஹெமிங்வே 1936இல் வெளியிட்ட ஆப்பிரிக்க வேட்டைச் சிறுகதையொன்றில், மனைவி எருமையை நோக்கிச் சுட்டதாகக் கூறப்படும் மான்லிக்கர்க் குண்டு கணவனின் தலையில் பாய்கிறது. அவர் எத்தனையோ துப்பாக்கிகளை அறிந்தவர்; அந்தப் பெண்ணின் கையில் மட்டும் இதனை ஏன் கொடுத்தார் என்பது மாணவர்கள் ஆராயத்தக்க செய்தி.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். வரிகள் சுழன்று சுழன்று ஓடும் மரமே விலை மிகுந்தது. அச்சுழற்சி தோளில் படியும் அகன்ற பகுதியில் இருந்தால் குற்றமில்லை. கை பற்றும் மெல்லிய இடையில் மட்டும் வரிகள் நேராக ஓட வேண்டும். அங்கே வளைந்து குறுக்கே சென்றால் பெருந்தோட்டாவின் உதைப்பு நாளடைவில் மரத்தைப் பிளந்துவிடும். தச்சுத்தொழில் அறிந்தவர் எவருக்கும் இது புதிதன்று. கட்டையின் நீளமும் சுடுபவனின் கைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, பின் கண்ணைத் திறந்தால் குறிகாட்டிகள் தாமே நேராக நிற்க வேண்டும். தையற்காரன் தைத்துத் தந்த சட்டையில் பார்க்கும் பொருத்தத்தை இதிலும் பார்ப்பது நன்று.

இனி, எந்த அளவு என்னும் கேள்வி. வேட்டைக்காரர்கள் கூடுமிடமெல்லாம் இரவு முழுதும் ஓயாத வழக்கு இது. சிறு குழல்விட்டத்தின் பக்கம் நிற்போர் உடனே ஒரு பெயரைச் சொல்வர்: கரமோஜோ பெல். ஸ்காட்லாந்தில் 1880இல் பிறந்து, உகாண்டாவின் வடகிழக்கே கரமோஜா நிலத்தில் தந்தத்திற்காக அலைந்த அவர், தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்தினார். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அவர் எடுத்தது .275 ரிக்பி, அதாவது 7 மில்லிமீட்டர் மவுசர். அதன் குண்டு ஏறத்தாழ 11 கிராம். அதே நிறுவனம் 1911இல் கொணர்ந்த .416 ரிக்பியின் குண்டோ 26 கிராமுக்கும் மேல். பெல்லின் கதையைக் கேட்டவர், ‘சிறியதே போதும்’ என்று முடிவுகட்டி விடுகின்றனர். அவர்கள் கதையின் மறுபாதியைக் கேட்பதில்லை. பெல் யானையின் மண்டையோட்டை இரம்பத்தால் அறுத்துப் பார்த்தவர். தேன்கூடு போன்ற எலும்புத் திரளுக்குள் மூளை எவ்விடத்தில் ஒளிந்திருக்கிறது, முன்னின்றும் பக்கத்தினின்றும் பின்னின்றும் எந்தக் கோணத்தில் அதனை அடையலாம் என்று ஒரு மருத்துவ மாணவனைப்போல் கற்றவர். ஓயாது பயிற்சி செய்தவர். துப்பாக்கிக் கலைகளை அதிகம் அறியாத யானைக் கூட்டங்கள் வெளிகளில் திரிந்த நிலமும் காலமும் அவருக்கு வாய்த்தன. அவர் விட்டுச்சென்ற கணக்கைப் பெருமை என்பதா, துயரம் என்பதா என்று இன்று தயங்க வேண்டியிருக்கிறது. அது தனிக் கட்டுரைக்குரியது. ஈண்டு வேண்டுவது இவ்வளவே: ஆண்டு முழுவதும் அலுவலகத்தில் அமர்ந்துவிட்டுப் பத்து நாள் வேட்டைக்குச் செல்பவன் பெல்லின் துப்பாக்கியை விலைகொடுத்து வாங்கலாம், அவர் அறுத்த மண்டையோட்டை வாங்க முடியாது.

சட்டமும் இதனை உணர்ந்தே இருக்கிறது. நமீபியாவில் யானை, எருமை போன்ற பெருவிலங்குகளுக்குத் தோட்டாவின் ஆற்றல் குறைந்தது 5,400 ஜூல் இருத்தல் வேண்டும். கூடூ போன்ற பெரிய மான்களுக்கு 2,700. பெல்லின் தோட்டா இரண்டாவதைத் தாண்டும்; முதலாவதை எட்டாது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 என்னும் அளவே கீழெல்லையாகக் கொள்ளப்படுகிறது.

நம் இலக்கியத்தில் வல்வில் ஓரியின் அம்பு ஒன்று உண்டு. யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது அது. வன்பரணர் அதனைப் பாடியபோது வில்லின் வன்மை விளங்கிற்று. இன்றைய வேட்டைக் களத்திலோ அது பெருங்குற்றம். மந்தையில் நிற்கும் எருமையொன்றைச் சுட, கெட்டிக் குண்டு அதனைத் துளைத்துச் சென்று பின்னால் நின்ற பசுவெருமையின் வயிற்றில் தைத்தால், ஒரு விலங்கிற்கு இசைவு பெற்றவன் இரண்டிற்குப் பொறுப்பாகிறான். எனவே வலிமைக்கும் ஓர் அளவு தேவை. முயலை எய்த அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலே இனிது என்று வள்ளுவர் கூறியது குறிக்கோளின் உயர்வைச் சுட்டுவதற்காக. தவறிய வேல் இனிதாகலாம். யானையின் விலாவில் பாதி இறங்கிய வேல்?

இங்கேதான் தேர்வின் உண்மையான கனம் இருக்கிறது. பெரிய குழல்விட்டத்தை விரும்புவோர் மறக்கும் செய்தி பின்னுதைப்பு. .416 போன்ற துப்பாக்கி தோளில் தரும் உதையை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. மறுமுறை விசையில் விரல் படும்போதே இமை மூடுகிறது; தோள் பின்வாங்குகிறது; குழலின் வாய் ஓர் இழையளவு தாழ்கிறது. நூறு மீட்டருக்கு அப்பால் அந்த இழை ஒரு சாணாக விரிந்து, இதயத்திற்குப் பதில் குடலையோ முன்னங்காலையோ தொடுகிறது. காயம்பட்ட எருமை அடர்ந்த முட்புதருக்குள் சென்று தன் தடத்தை நோக்கித் திரும்பி நிற்கும். அப்போது முன்னே குனிந்து இரத்தத் துளிகளைத் தேடிச் செல்பவர் பெரும்பாலும் கையில் ஆயுதமில்லாத தடம்பார்ப்பவர். அவருக்குப் பின்னே தொழில்முறை வேட்டைக்காரர். பணம் கட்டி வந்தவன் அஞ்சிய அச்சத்திற்கு அவர்கள் இருவரும் உயிரைப் பணயம் வைக்கின்றனர்.

குறி தவறிய குண்டின் நீண்ட கதையை அறிய ஆப்பிரிக்காவுக்கும் செல்ல வேண்டியதில்லை. குமாவுன் மலையில் 1907இல் ஜிம் கார்பெட் வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிட்டனர். இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்த கார்பெட், வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாகவும் கீழ்ப்பல் எலும்புவரையிலும் உடைந்திருக்கக் கண்டார். என்றோ எவனோ சுட்டுவிட்டுப் போன குண்டின் வேலை அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாத புலி, மனிதரைப் பிடித்தது. அந்த வேட்டைக்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் கார்பெட்டுக்கு அளித்தது, பெல் பயன்படுத்திய அதே வகை .275 ரிக்பி மவுசர். 1926இல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை அவர் முடித்ததும் அதனால்தான். அவருக்கு அது கைக்கு அடங்கிய துப்பாக்கி. அந்தப் பழைய குண்டைச் சுட்டவனின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்ப்பவன் பெரும்பாலும் .375இல் வந்து நிற்பான். ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் 1912இல் அறிமுகப்படுத்திய அத்தோட்டா, 19 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர் வேகத்தில் செலுத்தும். எருமைக்குப் போதும்; மானுக்கும் மிகையன்று; உதைப்பைப் பழக்கத்தால் வெல்லலாம். மற்றொரு நன்மையும் உண்டு. விமானத்தில் பயணி ஒருவர் கொண்டுசெல்லக்கூடிய தோட்டாக்களின் எடை 5 கிலோகிராம்தான். அப்பெட்டி வழியில் தொலைந்துபோனால், அரிய தோட்டாவைக் கேட்கும் அழகிய துப்பாக்கி வெறும் கைத்தடியாகிவிடும்; .375 தோட்டாவையோ வேட்டை நடக்கும் நாடுகளில் தேடிப்பிடித்துவிடலாம். மவுசர் நகத்தோடு கூடிய செக்கோஸ்லோவாக்கியத்து பிர்னோ துப்பாக்கி ஒன்று, கருநீலம் தேய்ந்து, கட்டையில் இரண்டொரு கீறலுடன் பழைய சாமான்களுக்கிடையே கிடந்தால், அதனை எடுத்துத் துடைத்துப் பார்ப்பவன் அறிவுடையவன். மிஞ்சும் பணத்தைத் தோட்டாக்களுக்குச் செலவிட்டு, நின்றபடியே, முக்காலிக் கோல்மீது சாய்த்தபடியே, மாதக்கணக்கில் சுட்டுப் பழகுதல் வேண்டும். மேசைமீது மணல்மூட்டை வைத்துச் சுடும் பழக்கம் துப்பாக்கியைச் சோதிக்க உதவும். காட்டில் மேசை கிடையாது.

வேட்டை முகாமில் முதல்நாள் மாலை ஒரு சிறு சடங்கு உண்டு. பயணத்தில் குறி விலகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக மரத்தடியில் ஒரு தாளைக் கட்டி, வந்தவனைச் சுடச் சொல்வார்கள். அவன் சுட்டுவிட்டுத் தாளை நோக்குகிறான். தொழில்முறை வேட்டைக்காரரோ தாளைப் பார்ப்பதில்லை. சுடும் கணத்தில் அவன் இமைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சற்றுத் தள்ளி, நாளை முன்னே நடக்கப்போகும் தடம்பார்ப்பவரும் குந்தியபடி அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.