குடத்துக்குள்ள ஒரு ரோபோ!

காஞ்சிபுரம்னு சொன்னதும் உங்களுக்குப் பட்டுப்புடவையும் கோயில் இட்லியும்தானே ஞாபகம் வருது? அங்கிருந்து இன்னும் சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ல போய்ப் பாருங்க பாஸ். வயல், ஏரி, மறுபடி வயல்னு போய் நிக்கிற ஊர்தான் உத்திரமேரூர். செங்கல்பட்டுல இருந்தும் பஸ் இருக்கு. ஜன்னலோர சீட் கிடைச்சா நீங்க லக்கி!

இறங்கினதும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போங்க. அங்க பார்க்க வேண்டியது சுவரைத்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919, 921-ல வெட்டின கல்வெட்டு இருக்கு. ஸ்கூல்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோமே, அதே குடவோலை முறை! ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, பேரை ஓலையில எழுதி, குடத்துல போட்டுக் குலுக்கி, உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, பத்தாம் நூற்றாண்டு ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர்! தேர்வான 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

ரொம்பவும் புல்லரிக்க வேண்டாம். 35 வயசு ஆகியிருக்கணும், சொந்தமா நிலமும் வீடும் இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும். என் பேரு அந்தக் குடத்துப் பக்கமே போயிருக்காது. உங்க பேரும் அநேகமா அப்படித்தான். ஆனா ஒரு ரூல் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவரோட சொந்தக்காரங்களும் வர முடியாது! இதை மனசுல வெச்சுக்கோங்க, விஷயத்துக்கு வர்றேன்.

எங்க காலேஜ் ரோபோட்டிக்ஸ் கிளப்ல இருந்து ஏழு பேர், இந்த ஊர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கு சனிக்கிழமை தோறும் போறோம். ரோபோன்னதும் ரஜினி பட ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணாதீங்க. ஒரு அர்டுயினோ போர்டு, ரெண்டு மோட்டார், ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், அவ்ளோதான். சென்சார் ஒரு ஒலியை அனுப்பும். அது மோதித் திரும்பி வர்ற நேரத்தை வெச்சு தூரத்தைக் கணக்குப் போடும். ரிச்சி ஸ்ட்ரீட்ல நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். போர்டும் லோக்கல் காப்பின்னா சில நூறுதான்.

அப்போ காசு எங்கே போகுது? பேட்டரி தீர்ந்துபோகும். ப்ளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தா மோட்டார் டிரைவர் புகையைக் கக்கும். ஏழு பேரோட பஸ் டிக்கெட் வேற. கிட் வாங்கிக் கொடுக்க ஆள் கிடைச்சுடும். ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்துக்கலாம். கருகிப்போன மோட்டார் டிரைவரோட யார் போஸ் கொடுப்பா? பெயர் வேண்டாம், ஒரு ஸ்கூல்ல பளபளன்னு கிட் பீரோவுக்குள்ள பூட்டியே இருந்துச்சு. உடைஞ்சா யார் பதில் சொல்றதுங்கிற பயம். உடையாத ரோபோ யாரும் தொடாத ரோபோன்னு அர்த்தம்ங்க!

அரசுப் பணமே இல்லைன்னு சொல்ல முடியாது. 2016-ல தொடங்கின அடல் இன்னோவேஷன் மிஷன்ல, ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரைக்குமான டிங்கரிங் லேப்புக்கு 20 லட்சம் ரூபாய். 10 லட்சம் லேப் அமைக்க, மீதி 10 லட்சம் அஞ்சு வருஷம் நடத்த. ஓட்டுறதுக்கும் காசு ஒதுக்கினாங்க பாருங்க, அங்கதான் யாரோ விஷயம் தெரிஞ்சவர் இருந்திருக்கார். ஆனா சமவெளியில 1,500 சதுர அடி இடம் கேட்டாங்க. மரத்தடியில கிளாஸ் நடக்குற ஸ்கூல் எங்கே போகும்? 2025 மத்திய பட்ஜெட்ல, அஞ்சு வருஷத்துல அரசுப் பள்ளிகள்ல 50,000 லேப்னு அறிவிச்சாங்க. நம்ம மாநிலத்துல 2022 நவம்பர்ல தொடங்கின வானவில் மன்றம் ரூட்டை மாத்திச்சு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் சோதனைப் பொருளோட ஆளே ஸ்கூலுக்கு வருவாங்க. இடப் பிரச்னை இல்லை!

இன்னொரு கதவும் இருக்கு. இதே மாவட்டத்துலதான் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். கார் பாடியை ரோபோ கை வெல்டிங் பண்ற ஊர்ங்க! 2013 கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்துல 2 சதவிகிதம் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். அதுலயும் தாங்க இருக்கிற பகுதிக்கு முன்னுரிமை தரணும்னு சட்டத்துலயே இருக்கு. கேட்டுப் போறப்ப கிட் மட்டும் கேட்காதீங்க. உடைசலுக்கும் பஸ் காசுக்கும் தனியா ஒரு வரி போடுங்க. பழைய ஏரி அறக்கட்டளைகள்ல பொன்னை முதலா வெச்சு, வட்டியில வருஷா வருஷம் தூர் வாருவாங்க. வெட்டினவனோட வேலை முடிஞ்சுடும், வருஷா வருஷம் வண்டல் வந்துட்டேதானே இருக்கும்!

நம்ம பசங்க இப்போ ஏரியைத்தான் பிடிச்சிருக்காங்க. தண்ணி மட்டத்தை சென்சார் வெச்சு அளக்கணுமாம். முதல் டெஸ்ட் ஒரு பிளாஸ்டிக் குடத்துல நடந்துச்சு. நாலு தடவை தப்புத் தப்பா நம்பர் வந்து, அஞ்சாவது தடவை ஸ்கேல்ல அளந்ததும் சென்சார் சொன்னதும் ஒண்ணா வந்தப்போ போட்டாங்களே ஒரு சத்தம்... ஹெச்.எம். ரூம்ல இருந்து எட்டிப் பார்த்தார்.

அப்பத்தான் எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி கேட்டா, "அக்கா, அடுத்த வருஷம் நீங்க படிச்சு முடிச்சுட்டுப் போயிட்டா யார் வருவா?"

ஏழு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். பஸ்ல திரும்பறப்போ சிம்போசியம் டி-ஷர்ட் பட்ஜெட்டைப் பத்திப் பயங்கர சண்டை. கடைசியில டி-ஷர்ட் கட்! அந்தக் காசு உடைசல் கணக்குக்கு. ரெண்டாம் வருஷ ஜூனியர்ஸ் மூணு பேரை அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டுப் போறோம்.

கணக்கு நோட்டு அந்தப் பொண்ணுகிட்டதான் இருக்கு. முதல் பக்கத்துல அவ எழுதியிருக்கிறது: மோட்டார் டிரைவர், கருகினது 4, இருக்கிறது 2. பேட்டரி, அண்ணன் எடுத்துட்டுப் போனது 1, இன்னும் தரலை.