அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது

இந்த வழக்கை நான் எடுத்துக்கொள்ளக் காரணம் ஒரு மின்னஞ்சல். ரூட்டர் தயாரித்த கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஜமீன் பல்லாவரத்தில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு அனுப்பியது அது. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பக்கத்தைத் திறங்கள், எஸ்.எம்.பி. 1.0 என்ற வரிக்கு எதிரே டிக் போடுங்கள், கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், ஹார்ட் டிஸ்க் தெரியும். இவ்வளவுதான் அதில் இருந்தது. அந்த டிக்கைப் போட்டால் என்ன ஆபத்து என்று ஒரு சொல்கூட இல்லை.

அந்த அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. கணக்கும் வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்து கொடுப்பவர். பம்மல் மளிகைக் கடைக்காரர், நாகல்கேணி தோல் பட்டறைக்காரர், குரோம்பேட்டையில் தையற்கடை வைத்திருப்பவர் என்று சுற்றுவட்டாரத்துச் சிறு வியாபாரிகள்தான் வாடிக்கையாளர்கள். உதவிக்கு நாத்தனாரும் கல்லூரியில் படிக்கும் மகனும். 2021-இல் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருந்தபோது, மூன்று லேப்டாப்புக்கும் நடுவே ஒரு பென்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது. யார் கடைசியாகத் திருத்திய ஃபைல் எது என்று தெரியாமல் ஒருவருக்குத் தப்பான கணக்கே போய்விடும் நிலை.

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கடையில் போய்க் கேட்டிருக்கிறார். "பின்னாடி யூஎஸ்பி இருக்கு மேடம். ஹார்ட் டிஸ்க்கைச் சொருகிட்டா வீடு பூரா தெரியும்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் ரூட்டர். யூஎஸ்பி இல்லாத மாடல் அதே அலமாரியில் ஏறக்குறைய பாதி விலைக்கு இருந்தது. இவர் கூடுதலாகக் கொடுத்த பணம் முழுக்க அந்த யூஎஸ்பி வசதிக்காகத்தான். இதை நான் பிறகு புகார் மனுவில் முதல் பத்தியிலேயே எழுதினேன்.

வீட்டில் வைஃபை நன்றாகவே வந்தது. ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினால் ரூட்டரில் விளக்கும் எரிந்தது. ஆனால் மூன்று லேப்டாப்பிலும் அந்தப் பகிர்வைத் திறக்கப் போனால், இது பாதுகாப்பற்றது, காலாவதியான எஸ்.எம்.பி.1 நெறிமுறையைக் கேட்கிறது, இணைக்க முடியாது என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டினார். பில்லின் அடியில் 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று அச்சாகியிருந்ததையும் விரலால் தொட்டுக் காட்டினாராம். கம்பெனியைக் கேட்டதற்கு வந்த பதில்தான் நான் மேலே சொன்ன மின்னஞ்சல்.

டிக் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் போடவில்லை. "எங்கிட்ட நூறு பேரோட பான் கார்டு, ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கு சார். கம்ப்யூட்டரே வேணாம்னு சொல்றதை நான் எப்படித் திறந்து விடறது?" என்று கேட்டார். கணினிப் படிப்பு படிக்காத ஒருவர் அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பப் பிரிவைவிடச் சரியாக யோசித்திருந்தார்.

எஸ்.எம்.பி. என்பது ஒரு கணினியின் கோப்புகளை இன்னொரு கணினி பார்ப்பதற்கான பேச்சு முறை. அதன் முதல் பதிப்பு எண்பதுகளைச் சேர்ந்தது. 2017 மே 12-ஆம் தேதி உலகத்தை உலுக்கிய வான்னக்ரை என்ற பணயத் தாக்குதல், விண்டோஸில் இந்த முதல் பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் மாட்டின. அதற்கும் முந்தைய ஆண்டே, 2016 செப்டம்பரில், மைக்ரோசாஃப்டில் இந்த நெறிமுறைக்குப் பொறுப்பாக இருந்த நெட் பைல் என்பவர் எஸ்.எம்.பி.1-ஐ நிறுத்துங்கள் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, பயன்படாமல் கிடந்தால் அந்தப் பகுதி 15 நாளில் தானாகவே நீங்கிவிடும்படி செய்தார்கள். இன்னும் அதை நம்பியிருக்கும் பொருள்களின் பட்டியலையும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. இதெல்லாம் நடந்து நாலு வருடம் கழித்து, 2021-இல், அந்த அம்மா வாங்கிய ரூட்டரின் பெட்டியில் 'விண்டோஸ் 10' என்று அச்சிட்டு விற்றிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியை அவர் தூக்கிப் போடவில்லை. அதுதான் வழக்கின் உயிர். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இயங்குதளங்களின் வரிசை, அதில் முதலாவதாக விண்டோஸ் 10. அதற்கு மேலே, யூஎஸ்பி வழியாகக் கோப்புகளை வீட்டில் எல்லோரும் பகிரலாம் என்று பெரிய எழுத்தில். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10) பிரிவு பொருளின் குறைபாட்டை வரையறுக்கும்போது, சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தோடு நிற்கவில்லை. விற்பவர் எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும், சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அது குறைபாடுதான் என்கிறது. 'எந்த விதத்தில்' என்பதற்குள் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டும் அடங்கும். நான் வாதாடியதெல்லாம் இந்த ஒரு பிரிவைச் சுற்றித்தான்.

செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் பதிவானது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இது பலருக்குத் தெரிவதில்லை. மூவாயிரம் ரூபாய்க்கு எவ்வளவு கோர்ட் பீஸ் கட்டுவது என்று பயந்தே வராமல் இருந்துவிடுகிறார்கள்.

கம்பெனி தரப்பில் வந்தவர் நல்ல வழக்கறிஞர். அவர் எடுத்த முதல் ஆட்சேபணை எங்களுக்குக் கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது. இந்த அம்மா நுகர்வோரே இல்லை, தொழிலுக்கு வாங்கியிருக்கிறார், ஆகவே புகார் செல்லாது என்றார். எதிர்பார்த்திருந்தேன். சொந்தக் கையால் உழைத்துப் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருள் வணிக நோக்கத்துக்கானது ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் உண்டு. 1993-இல் பழைய சட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்த விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் விரித்துச் சொன்னது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். தட்டச்சுப் பொறி வாங்கி, தானே உட்கார்ந்து அடுத்தவர் வேலையைக் காசுக்கு அடித்துக் கொடுப்பவர் நுகர்வோர்தான் என்ற உதாரணம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒன்றிரண்டு பேர் ஒத்தாசைக்கு இருப்பதால் அந்தத் தகுதி போய்விடாது. நாத்தனாரும் மகனும் அந்த இரண்டு பேர். மாடியில் ஓர் அறை, மூன்று நாற்காலி, கல்லூரிப் பையனின் ஆன்லைன் வகுப்பும் அதே வைஃபையில். படம் எடுத்து வைத்தோம்.

இரண்டாவது ஆட்சேபணை சிக்கலானது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை மறுபடி கூட ஆரம்பித்தபின், அந்த அம்மாவின் கணவர் அங்கிருந்து ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்திருந்தார். பல்லாவரம் சந்தையைத் தெரியாதவர்களுக்கு: அங்கே பூச்செடியிலிருந்து கழற்றிப் போட்ட மதர்போர்டு வரை கிடைக்கும். அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 7. அதில் ஹார்ட் டிஸ்க் சட்டென்று திறந்துவிட்டது. கம்பெனிக்கு எழுதிய அடுத்த கடிதத்தில் அந்த அம்மா இதையும் நேர்மையாக எழுதிவிட்டார். எதிர்த்தரப்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பொருள் வேலை செய்கிறது என்று புகார்தாரரே ஒப்புக்கொள்கிறார், தடுப்பது மைக்ரோசாஃப்ட், அவர்களை ஏன் வழக்கில் சேர்க்கவில்லை என்று கேட்டார்கள்.

அந்தக் கடிதத்தை மறைத்திருக்கலாமே என்று இளம் வழக்கறிஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். மறைத்திருந்தால் எங்கள் கையில் இருந்த பலமான ஆதாரத்தையே இழந்திருப்போம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2021-இல் கடையில் புதிதாக விற்ற ஒரு பொருள், ஆதரவு நின்றுபோன கணினியோடுதான் பேசும், பெட்டியில் முதலாவதாகப் போட்ட விண்டோஸ் 10-ஓடு பேசாது. இதைவிடத் தெளிவாக நான் எதையும் நிரூபிக்க முடிந்திருக்காது.

குரோம்பேட்டையில் கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுக்கும் ஒருவர் எங்களுக்காக உறுதிமொழிப் பத்திரம் தந்தார். ரூட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டிக் கணினிதான், கோப்புப் பகிர்வுக்கு அதில் சாம்பா என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது, அதன் 3.6 பதிப்பு 2011-லேயே எஸ்.எம்.பி.-யின் இரண்டாம் பதிப்பை ஆதரித்தது. இந்த ரூட்டரிலோ அதற்கும் முந்தைய பதிப்பு. கம்பெனி நினைத்திருந்தால் ஒரு புதுப்பிப்பு அனுப்பி முடித்திருக்கலாம். ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சட்டத்தில் வழி இருந்தும் தேவைப்படவில்லை. விசாரணை நாளன்று மேசைமேல் ரூட்டரை வைத்து, ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி, லேப்டாப்பைத் தலைவர் பக்கம் திருப்பி வைத்தோம். திரையில் வந்த செய்தியை உறுப்பினர் சத்தமாக வாசித்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே, அந்த ஓட்டையைத்தான் 2017 மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டதே, டிக் போடுவதில் என்ன ஆபத்து என்றார். நியாயமான கேள்வி. வான்னக்ரை நுழைந்த ஓட்டையை அடைத்தது உண்மை. ஆனால் அடைத்த பிறகும் அந்த நெறிமுறையை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் அதே நிறுவனம் சொல்லி வருகிறது. போகும் தகவலை மறையாக்கம் செய்கிற ஏற்பாடே அதில் கிடையாது. "இதைப் பெட்டியில் எழுதியிருக்கிறீர்களா?" என்று தலைவர் கேட்டார். இல்லை என்றார்.

இந்த இடத்தில் அமெரிக்க உதாரணம் ஒன்றையும் தாக்கல் செய்தேன். நம் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் விஷயம் அதுவேதான். ஏசஸ் நிறுவனத்தின் ரூட்டர்களில் யூஎஸ்பி டிஸ்க்கைச் சொருகி எங்கிருந்தும் பார்க்கும் வசதி இருந்தது. பாதுகாப்பானது என்று விளம்பரமும் இருந்தது. உள்ளே இருந்த பலவீனங்களால் 2014 பிப்ரவரியில் 12,900-க்கும் மேற்பட்ட வீடுகளின் டிஸ்க்குகளுக்குள் ஊடுருவல்காரர்கள் புகுந்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தின் வரிக் கணக்குகள் அந்த வழியில் திருடர் கைக்குப் போனதாக அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.-யின் குற்றச்சாட்டில் இருக்கிறது. 2016 பிப்ரவரி 23-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட சமரசப்படி 20 ஆண்டுகளுக்கு வெளியாரின் பாதுகாப்புத் தணிக்கைக்கு அந்த நிறுவனம் உட்பட வேண்டும். வரிக் கணக்கு என்ற இடத்தை வாசித்தபோது என் கட்சிக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் அலமாரியில் இருப்பது முழுக்க அதுதான்.

ஆணை எங்களுக்குச் சாதகமாக வந்தது. பொருளில் குறைபாடு உண்டு. ஆபத்தைச் சொல்லாமல் டிக் போடச் சொன்னது சேவைக் குறைபாடு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுத்தது முறையற்ற வணிக நடைமுறை. வாபஸ் கிடையாது என்று பில்லில் அச்சிட்டுவிட்டால் இந்தக் கடைசிப் பொறுப்பு கழன்றுவிடாது என்பதைத் தனியாகவே குறிப்பிட்டிருந்தார்கள். விலையை வட்டியோடு திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் செலவுத்தொகையும் தரவும், கடையும் கம்பெனியும் சேர்ந்தே பொறுப்பேற்கவும் உத்தரவு. அந்தச் சிறு கடைக்காரரையும் சேர்த்தது எனக்கு வருத்தம்தான். பெட்டியில் இருப்பதை நம்பித்தான் அவரும் விற்றார். கம்பெனி காலதாமதம் செய்தது. 72-ஆம் பிரிவின்கீழ் மனு போட்டோம். ஆணையை மதிக்காவிட்டால் ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்ற பிரிவு அது. அடுத்த வாய்தாவுக்குள் பணம் வந்துவிட்டது.

நாங்கள் கேட்டதில் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. இனி வரும் பெட்டிகளில் அந்த வரியை எடுக்க வேண்டும், விற்றுப்போன பெட்டிகளுக்குத் திருத்த விளம்பரம் தர வேண்டும் என்று 39-ஆம் பிரிவின்கீழ் கேட்டிருந்தோம். ஒருவரின் புகாரில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, அதற்கென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது என்று ஆணை சொன்னது. ஆணையின் நகலைக் கொடுக்கும்போது அந்த அம்மா முதலில் கேட்டது பணத்தைப் பற்றியல்ல. "அப்போ இதே ரூட்டரை வாங்கினவங்க என்ன சார் பண்ணுவாங்க? கம்பெனி சொல்லுதேன்னு டிக் போட்டிருப்பாங்களே" என்றார்.

17-ஆம் பிரிவின்படி அந்த வகைப் புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். அன்று மாலையே உட்கார்ந்து எழுதினோம். கம்பெனியின் மின்னஞ்சல், ஆணையின் நகல், கல்லூரி ஆசிரியரின் உறுதிமொழிப் பத்திரம் மூன்றையும் இணைத்தோம். டிக் போடச் சொல்லி எத்தனை பேருக்கு இதே மின்னஞ்சல் போயிருக்கிறது என்ற கணக்கைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் அதில் முதல் கோரிக்கை.