வளைவில் விலகாத எண்ணெய்



இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பும் காரியம் ஒரு மோட்டார் வாகனத்தின் அடிவயிற்றில் இருக்கிறது. ஆலயத்திற்குக் காரில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்டிருக்க மாட்டீர்கள். தரையில் படுத்து எட்டிப் பார்த்தாலன்றி அது கண்ணுக்குத் தெரியாது. ஆயில் பான் என்றும் ஆயில் சம்ப் என்றும் பட்டறைகளில் அதைச் சொல்லுவார்கள். என்ஜினுக்கு அடியில் பொருத்தப்பட்ட தொட்டி அது. சாதாரணக் காரில் ஏறக்குறைய நான்கைந்து லிட்டர் எண்ணெய் அதில் தேங்கி நிற்கும்.

அத்தொட்டியின் அடித்தளத்தை ஒட்டினாற்போல் ஒரு குழாயின் வாய் இருக்கிறது. பம்ப் அந்த வாயின் வழியாக எண்ணெயை உறிஞ்சி, சுழலும் பாகங்கள் அனைத்திற்கும் அனுப்புகிறது. நிமிடத்திற்கு 6000 முறை சுழலும் ஓர் என்ஜினில், கிராங்க் ஷாஃப்ட் ஒவ்வொரு விநாடியும் 100 முறை சுற்றுகிறது. அந்தத் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த மெல்லிய இடைவெளியில் எண்ணெய் ஒரு படலமாக நின்று, உலோகம் உலோகத்தைத் தீண்டாதபடி காக்கிறது. படலம் அறுந்தால், சில விநாடிகளுக்குள்ளேயே பேரிங் தேயத் தொடங்கிவிடும்.

நேரான சாலையில் இதற்குக் குறைவு வருவதில்லை. வளைவில்தான் சோதனை. வேகமாக ஓடும் கார் வலப்புறம் திரும்பும்போது, தொட்டியிலுள்ள எண்ணெய் இடப்புறமாக ஒதுங்குகிறது. பேருந்து திரும்புகையில் நாம் பக்கத்து இருக்கைக்காரர்மேல் சாய்வதுபோலத்தான். நல்ல டயர்கள் பூட்டிய கார் பந்தயத் தடத்தில் திரும்பும்போது, பக்கவாட்டு விசை புவியீர்ப்பு விசைக்கு இணையாகிவிடுவதுண்டு. அப்பொழுது தொட்டிக்குள் எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். ஒரு பக்கச் சுவரில் எண்ணெய் ஏறி நிற்க, குழாயின் வாய் வறண்டுபோகும். பம்ப் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை விழுங்கும். ஆங்கிலத்தில் இந்நிலையைக் குறிக்கும் பெயரைத் தமிழில் எண்ணெய்ப் பட்டினி என்று சொல்லலாம்.

பிரியமானவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று கவனியுங்கள். அந்த வேளையில் ஒரு துளி எண்ணெய்கூடத் தொலைந்துபோகவில்லை. பந்தயத்திற்கு முன் அளவுகோலை இழுத்துப் பார்த்தவர் நிறைவான அளவையே கண்டார். ஓட்டம் முடிந்தபின் பார்த்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும். நிறைந்த தொட்டியோடுதான் என்ஜின் பட்டினி கிடந்தது. இருக்கவேண்டியது இருந்தது, இருக்கவேண்டிய இடத்தில், வேண்டிய விநாடியில் அது இல்லை.

இதை எனக்குக் கற்பித்தவர் நம் சபையைச் சேர்ந்த ஓர் இளைஞர். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் கார்களைச் செப்பனிடுவது அவருடைய தொழில். ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தில் 12 வளைவுகள் உண்டு. ஒரு சனிக்கிழமை ஜெபிக்கும்படியாக அவருடைய பட்டறைக்குச் சென்றிருந்தேன். தேய்ந்துபோன ஒரு பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெள்ளியைப்போல் மினுங்கவேண்டிய அதன் உட்புறம் உரிந்து, அடியிலுள்ள செம்பு நிறம் வெளியே தெரிந்தது. "ஐயா, இந்த வண்டியில் எண்ணெய் குறையவே இல்லை. நீண்ட வளைவு ஒன்றில் மூன்று நான்கு விநாடிகள் பம்ப் காற்றை இழுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அப்படியே நடந்தது. கடைசியில் இப்படி ஆயிற்று" என்றார்.

அவர் தமக்கென்றும் ஒரு பழைய காரை வைத்திருந்தார். பல மாதங்களாகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. அதைக்கொண்டு என்ஜினின் வலிமையைக் கூட்டலாம்; அல்லது ஆயில் பானை மாற்றலாம். இரண்டையும் செய்யப் பணம் போதாது. நண்பர்கள் வலிமையைக் கூட்டும்படியே சொன்னார்கள். அவரோ பானைத் தெரிந்துகொண்டார். "இதனால் வண்டி எவ்வளவு வேகமாக ஓடும், தம்பி?" என்று கேட்டேன். "ஒரு விநாடிகூட வேகம் கூடாது, ஐயா. யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் வண்டி வீடு வந்து சேரும்" என்றார். அந்த மறுமொழி பல நாட்கள் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

அந்தப் புதிய பானில் என்னதான் இருக்கிறது? குழாயின் வாயைச் சுற்றித் தடுப்புத் தகடுகள் நிற்கின்றன. அவற்றில் சிறு கதவுகள் கீல்களில் தொங்குகின்றன. அக்கதவுகள் உள்நோக்கி மட்டுமே திறக்கும். எண்ணெய் நடுவே வரும்போது வழிவிடும். வெளியே ஓட முயலும்போது மூடிக்கொள்ளும். சுழலும் தண்டு எண்ணெயை அள்ளி வீசாதபடி மேலே ஒரு தட்டும் உண்டு. குழாயின் வாய் அடித்தளத்திலிருந்து சரியான உயரத்தில் நிற்கிறதா என்பதையும் அளந்து பார்க்கவேண்டும். மிக நெருங்கினால் உறிஞ்ச முடியாது, மிக விலகினால் காற்று புகும்.

பெரிய நிறுவனங்களும் இப்பாடத்தைக் கற்றே வந்திருக்கின்றன. 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட் காருக்கு ஆழம் குறைந்த, இருபுறமும் விரிந்த பான் அமைந்திருந்தது. அதன் வடிவைக் கண்டு வௌவால் சிறகு என்றே அதற்குப் பெயரிட்டார்கள். சாலைக்கு அது போதுமானதாயிருந்தது. பந்தயத் தடத்தின் நீண்ட வளைவுகளிலோ எண்ணெய் அந்தச் சிறகுகளுக்குள் ஒதுங்கியது. ஆகவே தடத்தில் ஓட்டுகிறவர்கள் தடுப்புத் தகடுகளைச் சேர்த்தார்கள். பின்பு 2006-இல் வந்த கார்வெட் இசட்-06 காரில், எண்ணெயைத் தனித் தொட்டியில் சேர்த்து வைக்கும் முறையையே தொழிற்சாலையில் பொருத்தினார்கள். போர்ஷே 911 கார் 1960-களில் தோன்றிய நாள் முதலே அத்தகைய ஏற்பாட்டோடு வந்தது.

இதைக் கேட்டதும், "அதிகமாக எண்ணெய் ஊற்றினால் போதாதா?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நானும் அதையே கேட்டேன். சிறிதளவு கூட்டி ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் அளவுக்கு மிஞ்சினால், சுழலும் தண்டு எண்ணெயில் மோதி அதை நுரையாக்கிவிடும். நுரையில் பாதி காற்று; காற்று எந்தப் பேரிங்கையும் தாங்காது. ஆகவே அதிகமாய் நிரப்புவது முழுத் தீர்வாகாது. இருப்பதை வாயருகே நிறுத்தி வைப்பதே தீர்வு.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன பத்துக் கன்னிகைகளின் உவமையை இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். நடுராத்திரியில் சத்தம் உண்டானபோது, புத்தியில்லாத ஐவர் எண்ணெய் வாங்கும்படி விற்கிறவர்களிடத்தில் போனார்கள். அப்படியானால் அந்த ஊரில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கடையில் எண்ணெய் இருந்தது. கையிலிருந்த பாத்திரத்தில்தான் இல்லை. மணவாளன் வந்த அந்த நாழிகையில், கடையிலுள்ள எண்ணெய் அவர்களுக்கு இல்லாத எண்ணெய்க்குச் சமமாயிற்று.

என் தாயாரின் கடைசி நாட்களில் இதன் பொருளை நான் அனுபவித்தேன். மருத்துவமனையின் தாழ்வாரத்தில், விடியற்காலை மூன்று மணி இருக்கும். மருத்துவர் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டார். அதற்கு முன் எத்தனையோ குடும்பங்களுக்கு அருகில் அப்படிப்பட்ட வேளைகளில் நின்று ஆறுதல் சொன்னவன் நான். பிரசங்கித்த வசனங்கள் ஏராளம். அந்த நிமிடத்திலோ என் உள்ளம் முழுவதும் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. ஒன்றும் நாவுக்கு எட்டவில்லை. எட்டியது ஒன்றே: நான் சிறுபிள்ளையாயிருந்தபோது, சாயங்காலந்தோறும் விளக்கேற்றியபின் என் தாயார் எங்களை உட்காரவைத்துச் சொல்லக் கற்றுக்கொடுத்த சிறிய ஜெபம். வாலிபத்திலும் முதிர்வயதிலும் நான் நிறுத்தாமல் சொல்லிவந்த அந்தச் சில வார்த்தைகள் மட்டும் தானாய் வந்து நின்றன. அவற்றைச் சொல்லிக்கொண்டே கையொப்பமிட்டேன். அடுத்த நாள் அவர்கள் நம்மை விட்டுக் கடந்துபோனார்கள். என் துக்கம் அதனால் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் உடைந்துபோகவில்லை.

அனுதின ஜெபம், குடும்பமாக உட்கார்ந்து வாசிக்கும் ஓர் அதிகாரம், படுக்கைக்குப் போகுமுன் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளும் வழக்கம் ஆகியவை நம்முடைய தடுப்புத் தகடுகள். இவை நமக்குப் புதிய அறிவைக் கூட்டுவதில்லை. நம்மைப் பிறர் முன்பாகப் பெரியவர்களாகக் காட்டுவதுமில்லை. நேரான சாலையில் இவற்றின் பயன் தெரியவே தெரியாது. வேலை போன நாளிலும், பரிசோதனை முடிவு கைக்கு வரும் நாளிலும், பிள்ளையின் முகம் மாறிய நாளிலும்தான் அவை எதைக் காத்துவைத்தன என்று விளங்கும்.

இன்னும் இரண்டு காரியங்களை மனதில் வையுங்கள். முதலாவது, இந்தப் பழுதைப் பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கு தக்க சமயத்தில் காட்டுவதில்லை. அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகே அது எரியும். வளைவில் கண் பாதைமேல் இருப்பதால் ஓட்டுகிறவர் அதைக் காணாமலும் போகலாம். ஆகவே, "இதுவரை எனக்கு ஒன்றும் நேரவில்லையே" என்பதை உறுதிப்பாடாகக் கொள்ளாதிருங்கள். இரண்டாவது, ஓடும் காரில் எவரும் பானைக் கழற்ற முடியாது. வண்டியை நிறுத்தி, உயரத் தூக்கி, எண்ணெயை வடித்து, பழையதைத் துடைத்து, புதியதைப் பொருத்தவேண்டும். அமைதியான நாளின் வேலை அது.

உங்களில் பலருக்கு இன்றைக்குச் சாலை நேராக இருக்கலாம். அதற்காகத் தேவனை ஸ்தோத்திரியுங்கள். அந்த அமைதியை வீணாக்காதிருங்கள். சிலரோ இப்பொழுதே வளைவின் நடுவில் இருக்கிறீர்கள் என்பதை அறிவேன். பந்தயக் கார்கள் சிலவற்றில், அழுத்தம் குறையும் விநாடியில் தானே எண்ணெயை உள்ளே செலுத்தும் ஒரு சிறு உருளையையும் இணைத்திருப்பார்கள். சபை என்பது அதற்காகவும் இருக்கிறது. நீங்கள் ஜெபிக்க முடியாத வேளையில் உங்களுக்காக ஜெபிக்கிறவர் ஒருவர் உண்டு. தயங்காமல் வாருங்கள், நடுராத்திரியானாலும் தொலைபேசியில் அழையுங்கள்.

இவ்வாரத்தில் உங்கள் இல்லத்தில் நின்றுபோன ஒரு சிறிய வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். இன்று சாயங்காலமே அதை மறுபடியும் தொடங்குங்கள்.

தேவகிருபை உங்கள் யாவரோடும் இருப்பதாக.

உங்கள் ஊழியன்.