அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ

நவம்பர் மாதத்தில் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வரத் தொடங்கியது. மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டினால் கேட்கும். அக்சிலேற்றரை அழுத்தினால் சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். சக்கரத்தின் பெயரிங் தேய்ந்தால் சத்தம் இப்படி இராது. அது கார் எந்தப் பக்கம் வளைகிறது என்பதைப் பொறுத்து மாறும். இது என் காலைப் பொறுத்து மாறியது. சில கிழமைகளில் முனகலோடு ஓர் இடிப்பும் சேர்ந்துகொண்டது. சிவப்பு விளக்கில் நின்று புறப்படும்போதெல்லாம் பின்னால் யாரோ சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவது போலிருக்கும்.

ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் நடத்தும் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, டிபரென்ஷல் போய்விட்டது, 3,800 டொலர் வரும் என்றார்கள். புதியதா பழையதா போடுவீர்கள், பல்விகிதம் என்ன என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த தம்பி சிரித்தார்.

"அக்கா, அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவருக்கு விளங்கப்படுத்திறன்."

மரியாதையாகத்தான் சொன்னார். என் வாழ்க்கையில் அண்ணை என்று யாரும் இல்லாமல் போய் அப்போது மூன்று வருடங்கள்.

பதினாலு வருடத் திருமணத்தில் கார் பற்றிய பேச்சு எல்லாம் அவருடையது. எந்தக் கார், எந்தக் கடை, எவ்வளவு காசு எதையும் நான் அறிந்ததில்லை. அறியாமல் இருப்பதே என் பங்கு. பிரிந்து போகப்போகிறேன் என்று சொன்ன இரவு அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "கார் பழுதானால் என்ன செய்வாய்?" என்பது. பிள்ளை, வாடகை, ஊர்ச்சனம் என்று எத்தனையோ கேட்டார். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் இருக்கவில்லை.

கார் 2006ஆம் ஆண்டுச் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்ரிஐ. 2.5 லீற்றர் ரேர்போ என்ஜின், ஏறத்தாழ 300 குதிரைவலு, நான்கு சக்கரத்துக்கும் இழுவை. முதியோர் இல்லத்தில் இரண்டு வருடம் இரவு ஓவர்ரைம் செய்த காசில் வாங்கியது. பெடியள் ஓடுற கார் என்றார்கள் உறவுகள். வயதுக்கு வந்த பெட்டையை வைத்துக்கொண்டு உனக்கு என்ன ஓட்டம் என்றார்கள். பனிநாளில் அதிகாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வரும்போது, ஏற்றத்தில் சறுக்காமல் பிடித்து ஏறும் அந்தக் காரில் எனக்குக் கிடைத்த சந்தோசத்துக்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

டிபரென்ஷல் செய்வது எளிய வேலை. கார் வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடிய தூரம் போகவேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைய. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கி வைத்தால் ஏதாவது ஒன்று தரையில் இழுபடும். அதனால் என்ஜினின் விசை இரண்டுக்கும் போகவும், அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வழிசெய்யும் ஒரு பல்லுச்சக்கரக் கூட்டம் நடுவில் இருக்கிறது. பிரான்சில் ஒனெசிபோர் பெக்கர் 1827இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார்.

எனக்கு இது முதலில் தெரியவந்தது தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின கார்கள். எங்கள் அப்பாவின் மொறிஸ் மைனரும் அப்படித்தான் ஓடியது. உதிரிப்பாகம் வராது, பழுதானதைப் பிரித்துத் திருத்தித்தான் போடவேண்டும். பற்றறியும் தடைசெய்த பொருள் என்பதால் ரோச் லைற்றும் இல்லை. இரவில் அப்பா காருக்குக் கீழே படுத்திருக்க, அண்ணா பக்கத்தில் சாவிகளோடு குந்தியிருப்பான். ஜாம் போத்தல் விளக்கைக் காற்றில் அணையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. "அரை இஞ்சிச் சாவியை எடு தம்பி" என்பார் அப்பா. "எண்ணெய் ஊத்துற மூடியைக் கழட்டிப் பாக்காமல் வடிக்கிற மூடியில கை வைக்கக்கூடாது. வடிச்சுப்போட்டு, மேல் மூடி இறுகியிருந்தால் என்ன செய்வாய்?" சொன்னது அண்ணாவுக்கு. விளக்குப் பிடித்தவளுக்கும் காது இருந்தது.

காரை நிறுத்திவிட்டு அந்தக் குளிர்காலம் முழுக்க பஸ்ஸில் வேலைக்குப் போனேன். பகலில் நித்திரை கொண்டு எழும்பி சேர்விஸ் கையேட்டை வாசித்தேன். உடைத்த கார்களின் பாகங்கள் விற்கும் முற்றங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் காரின் பின் டிபரென்ஷலுக்குப் பல்விகிதம் 3.90. பின்வந்த ஆண்டுகளில் வந்தது 3.54. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாறிப் போட்டால் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒன்றோடொன்று இழுபறிப்பட்டு நடு டிபரென்ஷலை நாசமாக்கிவிடும். 900 டொலருக்குச் சரியானது கிடைத்தது.

மே மாத நீண்ட வார இறுதியில், பதினைந்து வயது மகளோடு வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினேன். சமதரையில் நான்கு ஸ்ராண்ட் வைத்துக் காரை உயர்த்தினோம். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே போகக்கூடாது. உள்ளே போகமுன் இருவரும் காரை உலுக்கிப் பார்த்தோம். அசையவில்லை.

முதலில் நிரப்பும் மூடி. கழன்றது. பிறகு வடிக்கும் மூடி. ஒரு லீற்றர் அளவு எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் பாதிகூட வரவில்லை. பக்கத்து சீல் எத்தனை காலமாகக் கசிந்ததோ, எனக்கு முன் வைத்திருந்தவர் பார்க்கவில்லைப் போலும். மூடியின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது வழமை. அதில் பல்லின் துண்டு ஒன்றும் கிடந்தது.

சைலன்சரின் பின்பகுதியைக் கழற்றினோம். நீள்தண்டைப் பிடித்திருந்த நான்கு போல்ற்றுகளையும் கழற்றமுன், திரும்ப அதே நிலையில் பூட்டுவதற்காக இரு பக்கத்திலும் வெள்ளைப் பெயின்ற்றால் கோடு போட்டாள் மகள். அடுத்ததுதான் கஷ்டம். பின்சக்கரக் கூட்டின் ஊடாகப் போகும் நீளமான போல்ற், ஒன்ராறியோ வீதிகளில் கொட்டும் உப்பில் ஊறி உள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. இரவு முழுக்கத் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவிட்டோம். காலையில் சூடு காட்டினோம்.

அம்மா வாசற்படியில் தேத்தண்ணியோடு நின்றா. "ஏன் பிள்ளை, ஒரு ஆம்பிளையைக் கூப்பிட்டால் என்ன? அவங்களுக்கு பலம் இருக்கு."

பலத்துக்குக் கணக்கு இருக்கிறது. 60 சென்ரிமீற்றர் நீளமான சாவிப்பிடியின் முனையில் 50 கிலோ பாரத்தைக் கொடுத்தால் ஏறத்தாழ 300 நியூட்டன் மீற்றர் முறுக்கு. குழாய் ஒன்றைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால் முறுக்கும் இரட்டிப்பு. ஆம்பிளைக் கை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஒரு நீளமான இரும்புத்தடி. மகள் அதில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். துப்பாக்கி வெடித்தது போன்ற சத்தத்தோடு போல்ற் அசைந்தது. அம்மா பயந்து "முருகா" என்றா. பிறகு கதிரையைக் கொண்டுவந்து முற்றத்திலேயே இருந்துவிட்டா.

மகளுக்கு விளக்குப் பிடிக்கும் வேலை கொடுக்கவில்லை. காந்தம் பூட்டிய விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. காரின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பக்கத் தண்டுகளை நெம்பி விடுவித்தபின், முப்பது கிலோவுக்குக் குறையாத அந்த இரும்பை ஜக்கின் மேல் பட்டியால் கட்டி மெல்ல இறக்கினோம். புதிய சீல்கள் போட்டு மற்றதை ஏற்றினோம். ஏற்றும்போது போல்ற் துளைகள் நேர்ப்பட இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ரோர்க் றெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு ஒவ்வொன்றாக இறுக்கினாள் மகள். 75டபிள்யூ-90 எண்ணெயை நிரப்பும் துளையில் வழியும்வரை விட்டோம். மூன்று நாள். பழைய டிபரென்ஷல் 900, எண்ணெய் 30, சீல்கள் 60, இனியும் பயன்படும் கருவிகள் 150. மொத்தம் 1,140 டொலர்.

ஒவ்வொரு பெண்ணும் தன் காரைத் தானே திருத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவு வேலை முடித்து வருபவளுக்கு நித்திரைதான் தேவை, தத்துவம் அல்ல. கராஜுக்குப் போவதில் குறையில்லை. ஆனால் தெரிந்துகொண்டு போவதும் தெரியாமல் போவதும் ஒன்றல்ல. தெரியாமை எங்களுக்கு இயல்பாக வந்ததும் அல்ல. டொறொத்தே புளிங்கர் 1914இல் பிரித்தானிய மோட்டார் பொறியியலாளர் நிறுவனத்தில் சேர விண்ணப்பித்தபோது, விதிகளில் உள்ள 'நபர்' என்ற சொல் ஆணை மட்டுமே குறிக்கும் என்று சொல்லி மறுத்தார்கள். அவர் பின்னர் ஸ்கொட்லாந்தில் பெண்கள் பெருமளவில் வேலைசெய்த தொழிற்சாலையில் கலோவே என்ற காரைத் தயாரித்தார். 1981இல் மிஷெல் மூட்டோன் நான்கு சக்கர இழுவை கொண்ட அவுடி குவாற்றோவில் சான்ரெமோ ரலியை வென்றார். உலக ரலிச் சுற்றொன்றை வென்ற முதல் பெண் அவர். பக்கத்து ஆசனத்தில் வழிகாட்டியாக இருந்தவரும் ஒரு பெண், பப்ரிசியா பொன்ஸ். இந்தப் பெயர்களை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குளிர்காலத்துப் பகல்களில் தேடிக் கண்டுபிடித்தேன்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, என்னோடு வேலைசெய்யும் பெண்கள் மூன்று நான்கு பேர் வருகிறார்கள். ஒருத்தி சோமாலியா, ஒருத்தி பிலிப்பைன்ஸ், மற்றவர்கள் எங்கள் ஊர். எண்ணெய் மாற்றுகிறோம், பிரேக் பாட் பார்க்கிறோம். போன மாதம் ஒருத்தி, கராஜில் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைக் கொண்டுவந்தாள். சுற்றியிருந்து வரி வரியாக வாசித்தோம். அதில் இரண்டு வேலைகள் அவளுடைய காருக்குத் தேவையே இல்லாதவை. அடுத்தநாள் தனியாகப் போய், அந்த இரண்டையும் வெட்டுவித்துக்கொண்டு வந்தாள்.