ஆறாவது மணி நேரத்துக்கு ஒரு ஃபிரேம்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். மதியம் ஒரு மணி. மண் பாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்திலேயே அவருடைய சைக்கிள் சாய்ந்து கிடந்தது. காலை ஏழு மணிக்குக் கிளம்பியவர். இன்னும் 12 கிலோமீட்டர் பாக்கி. இடுப்பில் அப்படியொரு வலி. கடைசியில் நண்பருக்கு போன் போட்டு, ஜீப்பில்தான் ஊர் திரும்பினார்.

அவருக்கு வயது 42. கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோடு மலைக்குப் போய்விடுவார். காட்டுக்குள் போகமாட்டார், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், யானையும் காட்டெருமையும் நடமாடும் இடம். தெரிந்த எஸ்டேட்டில் கேட்டுக்கொண்டு, தேயிலைக்கு நடுவே போகும் மண் பாதைகளில் நாள் முழுக்க ஓட்டுவார். சினிமா, கிரிக்கெட் எல்லாமே அவருக்கு அதுதான்.

முதுகுத்தண்டின் கீழே ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்து இரண்டு வருடமாகிறது. பிசியோதெரபிஸ்ட் சைக்கிளை நிறுத்தச் சொல்லவில்லை. "குலுக்கலைக் குறைங்க. ரொம்ப நேரம் குனிஞ்சே இருக்காதீங்க. எக்சர்சைஸை விட்றாதீங்க" என்று மூன்று விஷயங்கள் சொன்னார்.

ஜீப்பில் வந்து இறங்கிய அன்று இரவு மனைவி கேட்டார். "ஏனுங்க, நடக்க முடியாமப் போச்சுன்னா யாரு பாக்கறது? விட்டுப்போடுங்களேன்."

"ஒரே ஒரு தடவை ஃபிரேமை மாத்திப் பாக்கறேன். அதுலயும் முடியலீன்னா வித்துப்போடறேன்" என்றார் அவர்.

அதற்கு அவரிடம் இருந்தது இரண்டு வருட போனஸில் எடுத்துவைத்த இரண்டு லட்சம் ரூபாய். மகள் ப்ளஸ் டூ முடிக்க இன்னும் ஒரு வருடம்தான். அதற்குப் பிறகு இப்படி ஒரு தொகையை சைக்கிளுக்கு எடுக்க முடியாது. தப்பான ஃபிரேமை வாங்கிவிட்டால் பணமும் போகும், மலையும் போகும்.

முதல் ஆசை

அவரிடம் இருந்தது ஹார்ட்டெயில் வகை. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் இருக்கும், பின் சக்கரம் ஃபிரேமோடு இறுக்கமாக இருக்கும். கல்லில் ஏறினால் அடி நேராக முதுகுக்கு வரும். சக்கரம், பிரேக், கியர், முன் ஃபோர்க் எல்லாமே நல்ல நிலையில் இருந்தன. அதனால் ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேம் மட்டும் வாங்கி, பழைய பாகங்களை அதில் மாட்டுவது என்று முடிவுசெய்தார்.

இந்த ஃபிரேம்களில் முதலில் கண்ணில் படுவது 'டிராவல்', அதாவது பின் சக்கரம் எவ்வளவு தூரம் மேலே எழும்பும் என்ற அளவு. வேகப் பந்தய சைக்கிள்களில் 100 முதல் 120 மி.மீ. இருக்கும். டிரெயில் வகைக்கு 120 முதல் 150. செங்குத்தான இறக்கங்களுக்கான எண்டூரோ வகைக்கு 150-லிருந்து 170, அதற்கு மேலும் போகும். இறக்கம் மட்டுமே ஓட்டும் டவுன்ஹில் சைக்கிளுக்கு 200 மி.மீ.

முதுகு வலிக்காரர் என்ன நினைப்பார்? மெத்தை எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது என்றுதானே! அவரும் 160 மி.மீ. ஃபிரேம் ஒன்றில் மனதை வைத்துவிட்டார். பெங்களூருவில் இருக்கும் நண்பர்தான் தடுத்தார். "அண்ணா, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுசா ஓட்டிப் பாருங்க. கடை வாசல்ல பத்து நிமிஷம் ஓட்டினா எல்லா சைக்கிளும் நல்லாத்தான் இருக்கும்." தன்னிடமிருந்த 160 மி.மீ. சைக்கிளையும், இன்னொருவரின் 130 மி.மீ. சைக்கிளையும் ஏற்பாடு செய்தார். அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு, அதே 56 கிலோமீட்டர் சுற்று.

முதல் ஞாயிறு 160. இறக்கத்தில் சொர்க்கம். வழக்கமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கும் கல் பாதை, தார் ரோடு மாதிரி போனது. ஆனால் ஏற்றத்தில் பின்பக்கம் அமுங்கிக்கொண்டே இருந்தது, முன் சக்கரம் திசை தெரியாமல் அலைந்தது. அதைப் பிடித்து நிறுத்த, உடம்பை முன்னால் வளைத்து வளைத்து மிதிக்க வேண்டியிருந்தது. மதியம் ஒரு மணிக்கு இடுப்பு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது.

டீக்கடையில் உட்கார்ந்து பில் காகிதத்தின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டார். 56-ல் பாதி ஏற்றம், பாதி இறக்கம். ஏற்றத்தில் மணிக்கு 7 கிலோமீட்டர் என்றால் 28 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். இறக்கத்தில் மணிக்கு 20 என்றால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இறக்கத்தில் பெரும்பாலும் எழுந்து நின்றுதான் ஓட்டுகிறோம். உட்கார்ந்திருப்பது முழுக்க ஏற்றத்தில்தான்.

அவர் இத்தனை நாள் ஒன்றரை மணி நேரத்துக்காக ஃபிரேம் தேடிக்கொண்டிருந்தார். முதுகு வலித்ததோ மற்ற நான்கு மணி நேரத்தில்.

சீட் எங்கே இருக்கிறது?

அடுத்த ஞாயிறு 130. ஏற்றத்தில் முதுகு நிமிர்ந்தே இருந்தது. காரணம் தேடினால், அது ஃபிரேமின் கோணங்களில் கிடைத்தது. தரப் பரிசோதனைக்காரருக்கு வரைபடம் புதிதா என்ன? ஃபிரேம் நிறுவனங்கள் வெளியிடும் அளவு அட்டவணைகளை எடுத்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் பழைய சைக்கிளில் சீட் குழாயின் கோணம் 73 டிகிரி. இந்த 130-ல் 76. மூன்று டிகிரிதானே என்று தோன்றும். சீட் உயரத்தில் கணக்குப் போட்டால், சீட் ஏறக்குறைய 35 மி.மீ. முன்னால் வந்துவிடுகிறது. அப்போது இடுப்பு பெடலுக்கு மேலே நேராக இருக்கும், முன் சக்கரத்தில் எடை விழும், ஏற்றத்தில் குனிந்து மல்லுக்கட்ட வேண்டாம். பின் சஸ்பென்ஷன் நம் எடையில் கொஞ்சம் அமுங்கும்போது இந்தக் கோணம் மேலும் சாயும். டிராவல் அதிகமானால் சாய்வும் அதிகம். 160-ல் அவர் அவதிப்பட்டது அதனால்தான்.

அதற்காக கோணம் எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு நல்லது என்றும் இல்லை. 78 டிகிரி ஃபிரேம்களும் வருகின்றன. சமதளத்தில் அவற்றில் உள்ளங்கை மீது எடை விழும். நாள் முழுக்க ஓட்டினால் மணிக்கட்டும் தோளும் வலிக்கும். அவருடைய சுற்றுக்கு 75-76 போதும்.

அடுத்து 'ரீச்', 'ஸ்டாக்'. பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் குழாயின் உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எல்லோரும் ரீச்சைத்தான் பேசுவார்கள். முதுகு குனிய வேண்டுமா, நிமிரலாமா என்பதில் ஸ்டாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. "இப்பல்லாம் ஒரு சைஸ் பெருசாத்தான் எடுக்கறாங்க" என்று சிலர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. 170 செ.மீ. உயரத்துக்கு மீடியம் சைஸ், அதிலும் ஸ்டாக் 620 மி.மீ.க்குக் குறையாத ஃபிரேம்கள் மட்டும். பட்டியலில் இருந்த ஒன்பது, நான்காகக் குறைந்தது.

பேரிங் பார்க்கும் கண்

ஃபுல் சஸ்பென்ஷனில் இன்னொரு பிரச்னை, மிதிக்கும்போது சைக்கிள் மேலும் கீழும் ஆடுவது. செயினின் இழுவையும் உடம்பின் எடையும் பின் ஷாக்கை அமுக்கப் பார்க்கும். அதைச் சமாளிக்கத்தான் விதவிதமான இணைப்புகள். ஒரே மூட்டில் சுழலும் எளிய வகை ஒன்று. பின் அச்சுக்கு முன்னால் ஒரு மூட்டு வைத்த 'ஹார்ஸ்ட் லிங்க்' இன்னொன்று. ஹார்ஸ்ட் லைட்னர் என்பவர் பெயரில் வழங்குவது. இரண்டு குட்டி இணைப்புகளில் பின்பக்கத்தைத் தொங்கவிடும் வகைகளில் டேவ் வீகிளின் 'டி.டபிள்யூ. லிங்க்' பிரபலம்.

எது உசத்தி என்று சைக்கிள்காரர்கள் நடுவே பட்டிமன்றமே நடக்கும். அவர் அதில் கலந்துகொள்ளவில்லை. மூன்று வகையிலும் நல்ல ஃபிரேமும் உண்டு, சுமாரான ஃபிரேமும் உண்டு. உட்கார்ந்து மிதிக்கையில் ஆட்டம் குறைவாக இருக்க வேண்டும், கல் வந்தால் பின் சக்கரம் தடையில்லாமல் எழும்ப வேண்டும். அதை ஓட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அவர் கண் போன இடம் வேறு. மூட்டுகளில் இருக்கும் பேரிங்!

பம்ப் மோட்டாரில் பேரிங் நிமிடத்துக்கு 2,880 சுற்றுகூடச் சுற்றும். கிரீஸ் எல்லா இடத்துக்கும் பரவும். சைக்கிள் ஃபிரேமில் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. சில டிகிரி இப்படி, சில டிகிரி அப்படி. எடை அதே இடத்திலேயே விழும், கிரீஸ் நகராது. அதோடு மழையும் சேறும் சேர்ந்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாற்றித்தான் ஆக வேண்டும். எனவே நான்கு ஃபிரேம்களின் பேரிங் எண்களையும் தேடி எடுத்தார். 6902 மாதிரிப் பொது எண் என்றால் கோவையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஒரு ஃபிரேமில் தனி அளவு, அந்த நிறுவனம்தான் தர வேண்டும். அது பட்டியலிலிருந்து போனது.

இன்னொன்றில் பிரேக், கியர் ஒயர்கள் ஹேண்டில்பார் தண்டின் பேரிங் வழியாக உள்ளே போகின்றன. பார்க்க அழகு. அந்தப் பேரிங்கை மாற்ற பிரேக் ஹோஸையே கழற்ற வேண்டும். அதுவும் போனது. மீதமிருந்த இரண்டிலும் 'யூ.டி.ஹெச்.' வகை ஹேங்கர் இருந்தது. பின் கியரைத் தாங்கும் இந்தச் சின்னத் துண்டு கீழே விழுந்தால் வளைந்துவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம். ஸ்ராம் நிறுவனம் 2019-ல் இந்தப் பொது வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு, பல நிறுவனங்கள் அதற்கு மாறிவிட்டன.

மூன்று லிட்டர் தண்ணீர்

கடைசி இரண்டில் ஒன்று கார்பன், இன்னொன்று அலுமினியம். எடை வித்தியாசம் அரை கிலோ. விலை வித்தியாசமோ பட்ஜெட்டைத் தாண்டியது. கணவர் ராத்திரி பதினோரு மணிக்கும் போனையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தண்ணி எங்க வைப்பீங்க?"

"முதுகுப் பையிலதான். மூணு லிட்டர்."

"மூணு கிலோவை முதுகுல கட்டிக்கிட்டு, அரைக் கிலோ குறையறதுக்கா இத்தன கணக்கு?"

அவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வலிக்கும் முதுகில் எட்டு மணி நேரம் பையைச் சுமப்பதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். கார்பன் ஃபிரேமில் ஷாக் இருக்கும் இடத்தால் ஒரு சின்ன பாட்டில்தான் உள்ளே நிற்கும். அலுமினியத்தில் முக்கோணத்துக்குள் பெரிய பாட்டில் ஒன்று, கீழ்க் குழாயின் அடியில் இன்னொன்று, மேல் குழாயில் ட்யூபும் கருவிகளும் கட்ட இடம். எஸ்டேட்டில் தண்ணீர் பிடித்துக்கொள்ள இடம் உண்டு. பையே வேண்டாம்.

அலுமினியம் வந்தது.

பழைய சக்கரம் 29 அங்குலம், பின் அச்சு 148 மி.மீ.; இரண்டும் பொருந்துமா என்று முன்பே பார்த்திருந்தார். 120 மி.மீ. ஃபோர்க்கின் உள்ளே இருக்கும் ஏர் ஷாஃப்ட்டை மட்டும் மாற்றி 140 ஆக்கினார் மெக்கானிக். சீட் தண்டு கொஞ்சம் மெலிது. ஒரு ஷிம் போட்டதும் சரியானது.

முதல் நாள் ஏமாற்றம்தான். பின்பக்கம் கட்டைபோல அடித்தது. ஷாக்கில் காற்று அதிகம். உட்கார்ந்தால் ஷாக் 25 முதல் 30 சதவிகிதம் அமுங்க வேண்டும். அவருடைய ஷாக்கின் மொத்த ஓட்டம் 50 மி.மீ.; அதில் 14 மி.மீ. ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையத்தை வைத்து அளந்து, பம்பால் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அதற்குப் பிறகுதான் ஃபிரேம் தன் வேலையைச் செய்ய ஆரம்பித்தது.

மூன்றாவது ஞாயிறு அதே 56 கிலோமீட்டர். மதியம் ஒரு மணிக்கு அதே கல்லைக் கடந்தார். வலி சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று மணிக்கு மேல் இடுப்பு இறுகியது, இறங்கி ஐந்து நிமிடம் நின்றார். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை இன்றும் காலையில் செய்கிறார். ஃபிரேம் டிஸ்க்கைச் சரிசெய்யாது என்பது அவருக்குத் தெரியும்.

அன்று சுற்றை முடித்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார்.

"ஜீப்ல வர்றீங்களா?" என்றார் மனைவி.

"இல்ல. நானே ஓட்டி முடிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி, மத்தியானம் சாப்டீங்களா?" என்று கேட்டார்.