இடமிருந்து வலம்

எங்கள் வீட்டு விறாந்தையில், சாமிப்படங்களுக்கு எதிர்ச்சுவரில், இரண்டு படங்கள் தொங்குகின்றன. அவை எங்களிடம் வந்துசேர்ந்த பிறகு லோசானுக்குள்ளேயே மூன்று வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் முதலில் ஆணியடித்தது இந்த இரண்டுக்கும்தான்.

ஒன்றில் அப்பப்பா தனியே நிற்கிறார். மலாயாவில், தைப்பிங்கில் ஒரு ஸ்ரூடியோவில் எடுத்த படம். பின்னால் தூணும் படிக்கட்டும் தீட்டிய திரைச்சீலை. வெள்ளைக் கோட்டு, கையில் பிரம்பு, தலையில் சோலாத் தொப்பி. வெள்ளைக்காரன் வீட்டுக்குள் வந்தால் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துவிடுவான். அப்பப்பாவோ வெயில் ஒரு பொட்டும் விழாத ஸ்ரூடியோவுக்குள் தொப்பியோடு நிற்கிறார். கழற்றி வைத்தால் அது அவருடையதென்று ஊருக்கு எப்படித் தெரியும்? அது அவருடையதுதானா என்பதும் இப்போது எங்களுக்குச் சந்தேகம். கோட்டும் தொப்பியும் இரவல் கொடுத்துப் படம்பிடித்த ஸ்ரூடியோக்கள் அந்தக் காலத்தில் எங்கும் இருந்தன.

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளில் இப்படியொரு படம் அநேகமாக இருக்கும். 1885 இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில் மலாயாவின் முதலாவது ரயில் ஓடியது. அதன்பின் இரண்டு மூன்று தலைமுறையாக, இங்கிலீசு படித்த எங்கள் ஊர்ப் பெடியள் றெயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் கிளாக்கர்மாராகக் கப்பலேறினார்கள். மணியோடரில் வீடு எழும்பியது, காணி வாங்கியது, சீதனம் கொடுத்தது. திரும்பி வந்து சாய்மனைக் கதிரையில் படுத்தவர்களுக்கு 'மலாயன் பென்சனியர்' என்று பெயர். அவர்களுக்கு முந்திய தலைமுறைப் பெரியமனிதர்கள் தலைப்பாகைக்காரர்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலாயாதான் எங்கள் வீட்டுத் தலைப்பாகையை இறக்கித் தொப்பியை ஏற்றியது.

அந்தத் தொப்பி நெட்டியால் ஆனது. குளத்தில் முளைத்து, காய்ந்தால் பஞ்சுபோலக் கனமற்றுப்போகும் அதே நெட்டி. வெப்பநாட்டு வெயில் தங்கள் மூளையைச் சுட்டுவிடும் என்று பயந்த வெள்ளைக்காரர்கள், அது இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டார்கள். பிறகு இரண்டாம் உலகப்போரோடு அவர்களே அதைக் கைவிட்டார்கள். வெயிலில் தோட்டம் கொத்திய பரம்பரையில் வந்த அப்பப்பா அதைத் தலையில் வைத்தது மூளையைக் காப்பாற்ற அல்ல.

மற்றப் படம் முப்பதுகளில் எடுத்தது. பென்சனோடு ஊருக்கு வந்தபின் வீட்டு முற்றத்தில் குடும்பத்தோடு. அங்கேயும் அதே தொப்பி.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சின்ன மாமி பிரேம்களை உடைத்துப் படங்களை மட்டும் உருவி, காணி உறுதிகளோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தா. அந்த இரவில் விட்டுவந்த அல்பங்களைக் கணக்கெடுத்தால் ஒரு சமூகத்தின் முகமே அதற்குள் போயிருக்கும். எங்களுக்கு இரண்டு தப்பின. ஆள்கைமாறி அவை லோசானுக்கு வந்தபோது, எங்களுக்கும் பரம்பரை இருக்கிறது என்று சுவருக்குச் சொல்லிக்கொண்டோம். அப்போது எங்களுக்கு அது தேவையாயிருந்தது. அகதி விண்ணப்பக்காரரின் 'என்' அட்டையில் இருந்த எங்கள் படம் வெறுந்தலையோடு, திருடனைப்போல. வேலைத்தலத்தில் கடதாசித் தொப்பி போட்டுக் கோப்பை கழுவினோம். அந்தக் கோலத்தில் ஒரு படமும் ஊருக்கு அனுப்பவில்லை. அனுப்பியது ஊஷியில், ஏரிக்கரையில், ஆரோ ஒருவரின் காரில் சாய்ந்து நின்று எடுத்தது. கோட்டும் இரவல்தான்.

2013 ஏப்ரலில் ஒருநாள் கீழ்வீட்டு மதாம் எங்களிடம் தேத்தண்ணிக்கு வந்தார். லவோ திராட்சைத் தோட்டக் கிராமமொன்றில் பிறந்தவர், எண்பதைத் தாண்டியவர். அந்தக் கிழமைதான் பேர்ணில் நீதி அமைச்சர் சிமொனெத்தா சொமாருகா, 'வைக்கப்பட்ட பிள்ளைகளிடம்' அரசாங்கத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டிருந்தார். ஏழைகளின் பிள்ளைகள், தாய்தகப்பன் இல்லாதவர்கள், கலியாணம் செய்யாத தாய்மாருக்குப் பிறந்தவர்கள் எல்லோரையும் அதிகாரிகள் பிடித்துக் கமக்காரர் வீடுகளில் வேலைக்கு விட்ட கதை. இந்த நாட்டில் அப்படியொன்று நடந்ததென்று எங்களுக்கு அதுவரை தெரியாது. மதாம் கைப்பைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்தார். திராட்சை வெட்டுக் காலம். கிழவர்கள், பெண்கள், குஞ்சுகுருமன் எல்லோர் தலையிலும் வைக்கோல் தொப்பி. ஓரத்தில் ஒரு பொடியன் வெறுந்தலையோடு.

"இவன் எங்கள் வீட்டில் வைக்கப்பட்டவன். 'சின்னவன்' என்றுதான் கூப்பிட்டோம். பெயரை நான் கேட்டதேயில்லை" என்றார்.

பிறகு எழும்பி எங்கள் சுவருக்குக் கிட்டப் போனார். தொப்பிக்காரர் ஆங்கிலேயரா என்று கேட்பாரென்று நாங்கள் சிரிக்கத் தயாராக நின்றோம். அவர் முற்றத்துப் படத்தின் ஓரத்தைக் காட்டி, "இந்தக் கை யாருடையது?" என்று கேட்டார்.

பிரேமின் ஓரத்தில், மடித்த குடையொன்றைப் பிடித்தபடி, ஒரு கை.

அந்தக் கையை நாங்கள் அறியாதவர்கள் அல்ல. வாங்கிய பிரேம் படத்துக்குச் சின்னது. எந்தப் பக்கம் மறைந்தால் குறையில்லை என்று பார்த்து, இடப்பக்கத்தை அட்டைக்குள் தள்ளியது நாங்கள்தான். பதினேழு வருசத்துக்குப் பிறகு கழற்றிப் பார்த்தோம். அப்பப்பாவின் வயதிருக்கும் ஒரு மனிதர். வெறும் மேல், வெறுந்தலை. தோளில் கிடக்கவேண்டிய சால்வை கமக்கட்டுக்குள். ஆர் முன்னால் ஆர் சால்வையைத் தோளில் போடலாம் என்பதற்கு எங்கள் ஊரில் சட்டம் எழுதி வைக்கத் தேவையிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்று வந்ததற்காக, 1929, 30 இல் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்த ஊர் அது.

படத்தின் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து: 'இடமிருந்து வலம்'. ஏழு பெயர்கள். படத்தில் எட்டுப்பேர்.

கொழும்பிலிருந்த மாமிக்கு ரெலிபோன் எடுத்தோம்.

"அது ஒருத்தருமில்லை."

"ஒருத்தருமில்லாமல் எப்பிடி மாமி? ஆள் நிக்குதே."

"எங்கடை தோட்டத்திலை நிண்டவன். ஐயாவின்ரை குடையைக் கொண்டந்திருப்பான். படம் பிடிக்கிறவன் கவனிக்கேல்லைப் போலை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு பெயரைச் சொன்னா. பெயரென்று சொல்ல முடியாது, பாதி. முழுப்பெயர் என்ன என்று கேட்டோம்.

"ஆருக்குத் தெரியும்? குழந்தைப்பிள்ளையள் நாங்களும் அப்பிடித்தான் கூப்பிடுறது. அவருக்கு அப்ப ஐயாவின்ரை வயசு. சிரட்டையிலை தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கிறது நான்தான். கையிலை குடுக்கிறேல்லை, நிலத்திலை வைக்கிறது." மாமியின் வாயில் 'அவர்' வந்ததை அவ கவனித்தாவோ தெரியாது. "இப்ப ஏன் உதெல்லாம் கிண்டுறியள்?" என்று வைத்துவிட்டா. அதற்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிக் கேட்கவில்லை. 2016 இல் மாமி செத்துப்போனா.

படத்தை இப்போது பெரிய பிரேமில், ஓரம் மறையாமல் போட்டிருக்கிறோம். வருகிற ஊர்ச்சனத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "உதையேன் வெளியாலை எடுத்தனியள்?" என்று ஒருவர் கேட்டார். அவரிடமிருந்துதான் அந்த மனிதரின் பேரனொருவர் பரிசில் இருப்பதும் தெரியவந்தது. அவர் அதைச் சொன்ன தொனியை இங்கே எழுதவில்லை.

பேரனுக்கு அனுப்பவென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். அவரிடம் தன் பாட்டனின் படம் வேறொன்றும் இருக்க நியாயமில்லை. இருப்பது இது ஒன்றுதான், அதுவும் எங்கள் அப்பப்பாவின் குடையோடு. அதை எந்த முகத்தோடு அனுப்புவது என்று எங்களுக்குள் சண்டை. பின்பக்கம் பெயர்களை எழுதி அனுப்பவேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. ஆனால் அந்த மனிதர் நிற்பது இடப்பக்க ஓரத்தில். இடமிருந்து வலம் என்று தொடங்கினால் முதலில் எழுதவேண்டியது அவருடைய பெயரை.

அதைப் பேரனிடம்தான் கேட்கவேண்டும். இலக்கம் கிடைத்து இரண்டு மாதமாகிறது.