“ஒட்டுறது இருக்கட்டும் பாப்பா, அடியில பார்த்தியா?” - அம்மாவைத் தடுக்கிவிட்ட என் செயற்கைப் புல்தரை!

முதல் போனஸ் வந்ததும் ஆசையாக வாங்கியது அந்தச் செயற்கைப் புல். அண்ணன் மகளுக்கு முதல் பிறந்தநாள். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் பச்சைப்பசேலென்று விரித்து, அவளை உட்காரவைத்து போட்டோ எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கம்தான். மண் அத்தனையும் களிமண். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் உப்பிக்கொண்டு, கால் வைத்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

“அந்த மூலையில மழை பெஞ்சா மூணு நாளைக்குத் தண்ணி நிக்கும்டி” என்றார் அம்மா. “புல்லுக்கு அடியில ஓட்டை இருக்கும்மா, தண்ணி தானா இறங்கிடுமாம்” என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அம்மாவின் கனகாம்பரச் செடிகளைப் பிடுங்கி, மேலாக மணல் தூவி, 2 மீட்டர் அகல ரோல்கள் இரண்டை அருகருகே விரித்து, நடுவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். போட்டோவுக்கு லைக்ஸ் குவிந்தது.

தீபாவளிக்கு யாரோ விட்ட சங்குசக்கரம் புல்லில் ஏறிச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு உருக்கிவிட்டது. அடுத்து வந்தது மழை. ஓட்டை புல்லில் இருந்து என்ன பயன்? அதற்குக் கீழே களிமண் அல்லவா இருக்கிறது! தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கியது. மண் ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் அமுங்கியது. நடு இணைப்பு வாய் பிளந்தது. கொசுவும் வாடையும் வேறு.

ஆன்லைனில் கம்மும் டேப்பும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஒட்டினேன். இரண்டே வாரத்தில் பிரிந்துகொண்டது. ஈரமான அடிப்பாகத்தில் கம் பிடிக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம் ஆபீஸ் வேலையில் மறந்தும் போனேன்.

ஒருநாள் போனில், “கையில லேசா அடிடி, கால் தடுக்கிடுச்சு” என்றார் அம்மா. வீட்டுக்கு வந்து பார்த்தால் மணிக்கட்டில் மாவுக்கட்டு. எலும்பில் மயிரிழை விரிசலாம். எங்கே தடுக்கியது என்று கேட்டதற்கு மழுப்பினார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லித்தான் தெரிந்தது, துணி காயப்போடப் போகும்போது அந்தப் பிரிந்த விளிம்பில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார் என்று. நான் வாங்கிக் கொடுத்தது என்பதால் என்னிடம் சொல்ல மனம் வரவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

தை பிறந்து மழை ஓய்ந்ததும், எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனாரை அழைத்தேன். புதிய கம் டப்பாவைப் பெருமையாகக் காட்டினேன். “ஒட்டுறது இருக்கட்டும் பாப்பா, அடியில பார்த்தியா?” என்றபடி புல்லைச் சுருட்டினார். கருஞ்சேறு. போட்ட மணல் போன இடமே தெரியவில்லை.

அவர் சொல்லச் சொல்ல வேலையில் நானும் இறங்கினேன். முதலில் 4 அங்குலம் களிமண்ணை வெட்டி எடுத்தோம். டியூப் லெவல் பிடித்து, சுவரிலிருந்து மழைநீர் சேகரிப்புக் குழியை நோக்கி வாட்டம் வைத்தோம். சேறு மேலேறி ஜல்லியோடு கலக்காமல் இருக்க ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்தோம். அதன் மேல் 3 அங்குலம் முக்கால் ஜல்லி, 1 அங்குலம் சிப்ஸ். ஒவ்வொன்றையும் திம்சுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். சத்தமில்லாமல் இறங்கிக் குழிக்குப் போனது. கண் கலங்கிவிட்டது எனக்கு!

புல்லை ஒரு ரோல் மட்டும் விரிப்பது என்று முடிவெடுத்தேன். இணைப்பே இல்லாவிட்டால் பிரியவும் ஒன்றுமில்லையே! விளிம்பைச் சுற்றி, புல்லை விட உயராமல் செங்கல் பதித்து, துருப்பிடிக்காத ‘ப’ வடிவ ஆணிகளை அடித்தோம்.

சங்குசக்கர ஓட்டைக்கு ஒட்டுப்போட்டது நான்தான். கருகிய இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, மீதமிருந்த ரோலிலிருந்து அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டினேன். புல் சாய்ந்திருக்கும் திசை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் ஒட்டு பளிச்சென்று தெரியும். அடியில் டேப் வைத்து, நன்றாகக் காய்ந்த நாளில் கம் தடவி, இரவு முழுக்க அம்மிக்கல்லை ஏற்றி வைத்தேன். மறுநாள் தென்னந்துடைப்பத்தால் எதிர்த்திசையில் வாரிவிட, எங்கே ஒட்டினேன் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

மீதிப் பாதி அம்மாவுக்கு. எருவும் மணலும் கலந்து மேடாக்கிக் கனகாம்பரம் வைத்திருக்கிறார். சித்திரை வெயிலில் செயற்கைப் புல் காலைச் சுடுகிறது, மதியத்தில் குழந்தையை அதில் விடுவதில்லை. அம்மாவின் பக்கம் அப்படிச் சுடுவதில்லை.

வீட்டில் செயற்கைப் புல் போட நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கடையில் புல்லின் உயரத்தையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், உங்கள் வீட்டில் மழைத்தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கோடை மழை கொட்டிய அன்று அம்மா போன் செய்தார். “உன் புல்லுல ஒரு சொட்டு நிக்கலடி!”

“இனிமே விழுந்தா எங்கிட்ட மறைக்காம சொல்லும்மா” என்றேன்.

“நான் சொல்றேன். நீ கேப்பியா?” என்று சிரித்தார்.